கோடு நகர்ந்தது, ஆள் நகரவில்லை

1

சென்சஸ் என்று பேச்செடுத்தால் நம் வட்டாரத்தில் அது சாதியில் போய்த்தான் நிற்கும். நிற்க வேண்டியதும்தான். காலனிய அரசு ஆட்களை எண்ண வந்தபோது எண்ணிவிட்டு மட்டும் போகவில்லை. யார் எந்தப் பெட்டிக்குள் அடங்குவார் என்று பெட்டிகளையும் கூடவே செய்துகொண்டு வந்தது. 1871 கணக்கெடுப்பு பற்றிக் கார்னிஷ் எழுதிய சென்னை மாகாண அறிக்கையைப் புரட்டினாலே இது தெரியும். பெர்னார்ட் கோன் இதைத் தனிக் கட்டுரையாக எழுதியிருக்கிறார். பெனடிக்ட் ஆண்டர்சன், தேசியம் பற்றிய தன் நூலுக்கு 1991இல் கொண்டுவந்த திருத்திய பதிப்பில் சென்சஸ், வரைபடம், அருங்காட்சியகம் மூன்றையும் ஒரே அத்தியாயத்தில் சேர்த்து நிறுத்தினார். எண்ணுவது அதிகாரத்தின் செயல் என்பதை இவர்கள் வழியாக நாம் படித்துக்கொண்டோம்.

ஆனால் சென்சஸ் அட்டவணைக்கு இரண்டு விளிம்புகள் உண்டு. மேல் வரிசையில் வகைமைகள்: ஆண், பெண், பட்டியல் சாதி, எழுதப் படிக்கத் தெரிந்தவர், தொழிலாளர். இடது ஓரத்தில் ஊர்ப் பெயர்கள்: சென்னை, மதுரை, திருப்பூர், அம்பத்தூர். மேல் வரிசையைச் சந்தேகத்தோடு படிக்கப் பழகிவிட்டோம். இடது ஓரத்தை மட்டும் அப்படியே நம்பிவிடுகிறோம். ஊர் என்றால் ஊர், அதிலென்ன இருக்கு? மண் எங்கே ஓடிவிடப் போகிறது?

மண் ஓடாது, உண்மைதான். ஒரு பெயருக்குள் எவ்வளவு மண் அடங்கும் என்பது மாறிக்கொண்டே இருக்கிறது. 2001இல் சென்னை என்ற மாவட்டப் பெயருக்குள் சுமார் 174 சதுர கிலோமீட்டர் இருந்தது. 2018க்குப் பிறகு அதே பெயருக்குள் 426 சதுர கிலோமீட்டர் இருக்கிறது. இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துக் கழித்து, வந்த மிச்சத்துக்கு 'வளர்ச்சி' என்று பெயர் வைத்தால், நாம் கழித்தது ஆட்களையா நிலத்தையா?

இந்தக் கேள்வியைத்தான் கொஞ்சம் விரித்துப் பார்க்க விரும்புகிறேன். இது புள்ளிவிவரக்காரர்களின் உள்விவகாரம் என்று தோன்றலாம். குடிசை அகற்றம் பற்றி நண்பர்கள் சிலர் வெளியீடு ஒன்று தயாரித்தபோது, 'சென்னையின் மக்கள்தொகை பத்தாண்டில் ஏழு சதவீதம்தான் கூடியது' என்ற வரியை என்ன செய்வது என்று பேச்சு வந்தது. நகரம் நிரம்பி வழிவதால்தான் குடிசைகளை எடுக்கிறோம் என்கிறது அரசு. நகரம் பெருகவே இல்லை என்கிறது சென்சஸ். எது சரி? அந்தப் பேச்சிலிருந்துதான் இந்தக் கட்டுரை வளர்ந்தது. எல்லைக்கோடு நகர்வதும் ஆட்கள் நகர்த்தப்படுவதும் ஒரே எண்ணுக்குள் கலந்துவிட்டால், நகர்த்தப்பட்டவர்களின் வரலாறுதான் முதலில் தொலைகிறது என்பது என் வாதம்.

2

முதலில் ஒரு எளிய உதாரணம். 2001 கணக்கெடுப்பில் இந்திய மாநகராட்சிகளை மக்கள்தொகை வரிசையில் அடுக்கினால் மும்பை, டெல்லி, கொல்கத்தாவுக்கு அடுத்து நான்காவதாகச் சென்னை வரும். சென்னை 43,43,645. ஐந்தாவதாக வந்த பெங்களூரு 43,01,326. கிட்டத்தட்டச் சமம். பத்து வருஷம் கழித்து 2011இல் பெங்களூரு 84 லட்சத்தைத் தாண்டி மூன்றாமிடத்துக்குப் போய்விட்டது. ஹைதராபாத் 36 லட்சத்திலிருந்து 67 லட்சமாகி நான்காமிடம். அகமதாபாத்கூட முந்திக்கொண்டது. சென்னை 46,46,732 பேரோடு ஆறாமிடத்துக்கு இறங்கியது. கொல்கத்தா 45,72,876 பேரிலிருந்து 44,96,694 பேராகக் குறைந்தே போனது.

இதை வைத்து எத்தனை கதையாடல்களை எழுதலாம் பாருங்கள். கணினித் தொழில் பெங்களூரைத் தூக்கிவிட்டது, சென்னை தேங்கிப்போனது, இடதுசாரி ஆட்சியில் கொல்கத்தா காலியானது. ஒவ்வொன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனால் 2007இல் என்ன நடந்தது? பெங்களூரு மாநகராட்சியோடு சுற்றியிருந்த ஏழு நகரசபைகளும் ஒரு புரசபையும் 110 கிராமங்களும் இணைக்கப்பட்டன. 226 சதுர கிலோமீட்டராக இருந்த நகரம் எழுநூறுக்கு மேல் போனது. அதே வருஷம் ஹைதராபாத்தும் பன்னிரண்டு நகராட்சிகளையும் எட்டு ஊராட்சிகளையும் சேர்த்துக்கொண்டு, 172 சதுர கிலோமீட்டரிலிருந்து அறுநூறைத் தாண்டியது. சென்னையின் கோடு அந்தப் பத்தாண்டில் அசையவில்லை. கொல்கத்தாவின் கோடும் அப்படியே.

பெங்களூரு மாநகராட்சியின் 'வளர்ச்சி' 96 சதவீதம். நகரமும் அதை ஒட்டி வளர்ந்த புறப்பகுதிகளும் சேர்ந்த நகரத் திரளை எடுத்துக்கொண்டால் 2001இல் 57 லட்சம், 2011இல் 85 லட்சம். வளர்ச்சி ஐம்பது சதவீதத்துக்குள் வந்துவிடுகிறது. சென்னை நகரத் திரள் 65,60,242 பேரிலிருந்து 86,53,521 பேரானது. இது 32 சதவீதம். மாநகராட்சி அளவில் 96க்கு 7 என்று தெரிந்த வேறுபாடு, திரள் அளவில் ஏறக்குறைய 50க்கு 32 என்று ஆகிறது. இப்போதும் பெங்களூரு வேகமாகத்தான் வளர்ந்திருக்கிறது. ஆனால் இது வேறு கதை. திரளின் எல்லையும் ஒவ்வொரு கணக்கெடுப்புக்கும் புதிதாகப் போடப்படுவது என்பதால் இந்தக் கதையையும் முழுசாக நம்பிவிட முடியாது.

3

சென்னையின் கோடு 2001க்கும் 2011க்கும் இடையில்தான் அசையவில்லை. அதற்கு முன்னால் நன்றாகவே அசைந்திருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நகரம் சுமார் 70 சதுர கிலோமீட்டர். 1941இல் நகரத்தின் மக்கள்தொகை 7,77,481. 1951இல் 14,16,056. பத்தாண்டில் 82 சதவீதம்! போர் முடிந்த காலம், உணவுப் பஞ்சம், பிழைக்க வந்தவர்கள் என்று காரணங்களை அடுக்கத் தோன்றும். அவர்கள் வந்ததும் நிஜம். ஆனால் நடுவில் 1946இல் சைதாப்பேட்டை, செம்பியம் போன்ற பகுதிகள் செங்கல்பட்டு ஜில்லாவிலிருந்து எடுக்கப்பட்டு நகரத்துக்குள் வந்தன. நகரம் 129 சதுர கிலோமீட்டராயிற்று. 1941இல் சைதாப்பேட்டையில் குடியிருந்த நெசவாளி செங்கல்பட்டுக் கணக்கில் இருந்தார். 1951இல் அதே வீட்டில், அதே தறியில் உட்கார்ந்தபடி சென்னையின் 'வளர்ச்சி'யாக ஆனார். பஞ்சத்தில் மூட்டை முடிச்சோடு வந்து இறங்கியவரும் இவரும் அட்டவணையில் ஒரே ஆள்தான்.

இன்னும் துல்லியமாகக் காட்டக்கூடியது 1971. அந்த வருஷத்துச் சென்னைக்கு இரண்டு எண்கள் புழக்கத்தில் உண்டு. ஒன்று 24,69,449, இது எண்ணியபோது இருந்த எல்லைக்குள். இன்னொன்று சுமார் 26 லட்சத்து 42 ஆயிரம். 1978இல் சுற்றியிருந்த ஊராட்சிகளைச் சேர்த்து நகரம் 170 சதுர கிலோமீட்டருக்கு மேல் விரிந்தது. அந்த விரிந்த எல்லைக்குள் 1971இல் எத்தனை பேர் இருந்தார்கள் என்று பின்னோக்கிக் கூட்டிப் பார்த்த எண் இது. 1981இல் நகரம் சுமார் 32 லட்சத்து 85 ஆயிரம். முதல் எண்ணோடு ஒப்பிட்டால் வளர்ச்சி 33 சதவீதம். இரண்டாவதோடு ஒப்பிட்டால் 24. இடையிலுள்ள ஒன்பது சதவீதம் பிறக்கவுமில்லை, ரயிலேறி வரவுமில்லை. அது ஒரு அரசாணை.

எண்பதுகளில் சென்னை 'வெடித்துவிடும்' என்று எழுதப்பட்ட எச்சரிக்கைகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் எழும் கேள்வி, இவர் எந்த 1971ஐ எடுத்துக்கொண்டார் என்பதுதான்.

சென்சஸ் அலுவலகத்துக்கு இது தெரியாது என்று சொல்ல வரவில்லை. அவர்களுக்கு நன்றாகத் தெரியும். மாவட்ட அளவிலான பழைய எண்களைப் புதிய எல்லைக்கு ஏற்பத் திருத்தித் தருகிறார்கள். எல்லை மாற்றங்களை மாவட்டக் கையேடுகளில் குறித்து வைக்கிறார்கள். முழுக் கிராமம் நகரத்தோடு சேர்ந்தால் அதன் பழைய எண்ணைக் கூட்டிக்கொள்ளலாம், சிக்கல் இல்லை. கிராமத்தில் பாதி இங்கே, பாதி அங்கே என்று வெட்டுப்பட்டால் அனுமானம்தான். எப்படியிருந்தாலும் இந்த எச்சரிக்கைகளெல்லாம் பெரும்பாலும் அடிக்குறிப்பில் இருக்கும். அடிக்குறிப்பு பத்திரிகைக்கு வராது, மேடைக்கு வராது, திட்ட அறிக்கையின் முதல் பக்கத்துக்கும் வராது. எண் மட்டும் பயணம் போகும். அதன் நிலம் பின்தங்கிவிடும்.

4

இப்போது அந்த ஏழு சதவீதத்துக்கு வருவோம்.

2001இலிருந்து 2011க்குள் சென்னை மாவட்டத்தில் கூடியவர்கள் 3,03,087 பேர். அதாவது 6.98 சதவீதம். தமிழ்நாடு முழுக்க அதே காலத்தில் 15.6 சதவீதம். மாநிலத்தின் தலைநகரம் மாநிலத்தைவிடப் பாதி வேகத்தில்கூட வளரவில்லை. ஒட்டியிருந்த காஞ்சிபுரம் மாவட்டம் 39 சதவீதம், திருவள்ளூர் 35 சதவீதம். மூன்று மாவட்டங்களின் உள்கோடுகளை மறந்துவிட்டு ஒரே நிலமாகக் கூட்டிப் பார்த்தேன். 2001இல் 99,75,869 பேர். 2011இல் 1,23,73,088 பேர். வளர்ச்சி 24 சதவீதம். ஆக நகரம் தேங்கவில்லை. கோட்டைத் தாண்டி வழிந்திருக்கிறது.

வழிந்தது என்று எழுதும்போதே உறுத்துகிறது. நீர் வழியும், ஆட்கள் அப்படி வழிவதில்லை. சொந்த வீடு வாங்க வசதியுள்ள நடுத்தர வர்க்கம் ஆவடிக்கும் தாம்பரத்துக்கும் போனது ஒரு வகை. லாரியில் ஏற்றிக் கொண்டுபோய் இறக்கப்பட்டவர்கள் இன்னொரு வகை. 2000 தொடங்கி நகரத்தின் ஆற்றங்கரைகளிலும் கால்வாய்க் கரைகளிலும் சாலையோரங்களிலும் இருந்த குடிசைகள் எடுக்கப்பட்டு, ஒக்கியம் துரைப்பாக்கத்தில் கண்ணகி நகர் எழும்பியது. பத்தாண்டுகளில் பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள். 2004 சுனாமிக்குப் பின் செம்மஞ்சேரியில் இன்னும் சில ஆயிரம் வீடுகள். அங்கே கடற்கரை மக்களோடு நகரத்தின் உட்பகுதிகளிலிருந்து அகற்றப்பட்டவர்களும் குடியேற்றப்பட்டார்கள். 2011 பிப்ரவரியில் கணக்கெடுப்பாளர் வந்தபோது இந்த இரண்டு இடங்களும் காஞ்சிபுரம் மாவட்டம்.

அப்படின்னா, வெளியேற்றப்பட்டவர்கள் அட்டவணையில் என்னவாகப் பதிவானார்கள்? சென்னைப் பத்தியில் ஒரு குறைவாக. காஞ்சிபுரம் பத்தியில் ஒரு வளர்ச்சியாக. அங்கே ஐ.டி. நிறுவனங்களின் கண்ணாடிக் கட்டடங்களால் வந்த வளர்ச்சியும், அந்தக் கட்டடங்களுக்குப் பின்னால் கொண்டுவந்து கொட்டப்பட்டவர்களால் வந்த வளர்ச்சியும் ஒரே சதவீதம். பழைய மகாபலிபுரம் சாலை 'வேகமாக வளரும் பகுதி' என்று சொல்லப்பட்டபோது அந்த வேகத்தில் ஒரு பங்கு இவர்களுடையது. வேலை நகரத்துக்குள், ரேஷன் அட்டையும் பள்ளிக்கூடமும் மாற்ற வேண்டிய நிலையில், பஸ்ஸுக்கு மணிக்கணக்கில் நின்றவர்கள். யாரும் இவர்களைக் காஞ்சிபுரத்துக்காரர்கள் என்று நினைக்கவில்லை, சென்சஸ் தவிர.

கதை இதோடு முடியவில்லை. 2011 அக்டோபரில் சென்னை மாநகராட்சி ஒன்பது நகராட்சிகளையும் எட்டுப் பேரூராட்சிகளையும் இருபத்தைந்து ஊராட்சிகளையும் இணைத்துக்கொண்டது. அம்பத்தூர், ஆலந்தூர், திருவொற்றியூர், மாதவரம், மணலி, வளசரவாக்கம் எல்லாம் உள்ளே. ஒக்கியம் துரைப்பாக்கமும் செம்மஞ்சேரியும் உள்ளே. நகரத்திலிருந்து தூக்கியெறியப்பட்டவர்களைத் தேடிக்கொண்டு நகரமே வந்துவிட்டது. அவர்கள் ஓர் அடிகூட எடுத்து வைக்காமல் மறுபடியும் 'சென்னைவாசிகள்' ஆனார்கள். அவர்கள் வெளியேற்றப்பட்டார்கள் என்பதற்கு மாநகராட்சியின் மக்கள்தொகைக் கணக்கில் இனித் தடயம் கிடைப்பது கஷ்டம். 2001இல் சென்னை, பிறகும் சென்னை. நடுவில் என்ன நடந்தது? ஒன்றும் நடக்கவில்லை என்கிறது எண். நடந்தது தெரிய வேண்டுமென்றால் பழைய கோட்டையும் புதிய கோட்டையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, இரண்டுக்கும் இடையிலுள்ள நிலத்தைப் படிக்க வேண்டும்.

2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாறு, கூவம் கரைகளிலிருந்து பெருமளவில் அனுப்பப்பட்டவர்கள் போய்ச் சேர்ந்த பெரும்பாக்கம், 2011இல் விரிந்த எல்லைக்கும் வெளியே இருக்கிறது. 'விரிந்த சென்னை' தனக்கென்று ஒரு புது வெளியை உடனே கண்டுபிடித்துக்கொண்டது.

விரிவாக்கத்தில் அடர்த்திக்கு என்ன ஆயிற்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2011 சென்சஸ்படி சென்னையில் ஒரு சதுர கிலோமீட்டருக்கு 26,553 பேர். அதே 2011 மக்கள்தொகையை விரிந்த எல்லைக்குக் கூட்டினால் சுமார் 67 லட்சம் பேர், 426 சதுர கிலோமீட்டர். ஒரு சதுர கிலோமீட்டருக்குப் பதினாறாயிரத்துக்குள். ஒரே இரவில் நகர நெரிசல் நாற்பது சதவீதம் குறைந்துவிட்டது! வியாசர்பாடியில் ஒரு குடித்தனத்துக்கும் ஒரு சதுர அடி கூடவில்லை. தலைக்கு இத்தனை லிட்டர் தண்ணீர், தலைக்கு இவ்வளவு பூங்கா, இத்தனை பேருக்கு ஒரு ஆஸ்பத்திரி என்று வரும் எல்லாச் சராசரிகளும் இப்படித்தான் கோட்டின்மேல் ஏறி நிற்கின்றன.

5

இதுவரை சொன்னது நகரத்தின் அளவு மாறுவது. ஓர் ஊர் நகரமா கிராமமா என்பதே மாறுவது இன்னொரு விளையாட்டு.

1991இல் தமிழ்நாட்டு மக்களில் நகரவாசிகள் 34.15 சதவீதம். 2001இல் 44.04. பத்துப் புள்ளி ஏற்றம். தமிழ்நாடு நாட்டிலேயே மிக நகரமயமான பெரிய மாநிலங்களுள் ஒன்று என்று அதிலிருந்து பெருமையோடு எழுத ஆரம்பித்தார்கள். விவசாயம் கைவிடப்பட்டதும் கொங்கு வட்டாரத்தில் பட்டறைகள் பெருகியதும் பொய்யில்லை. ஆனால் 1991இல் 469 நகரங்கள் இருந்த பட்டியலில் 2001இல் 832 இருந்தன. இந்தக் கூடுதலில் பெரும்பகுதி பேரூராட்சிகளின் வழியாக வந்தது. 1994க்குப் பிறகு, உள்ளாட்சி பற்றிய அரசியல் சட்டத் திருத்தங்களையொட்டி, பேரூராட்சிகள் நகர்ப்புற உள்ளாட்சிகளாக வைக்கப்பட்டன. சட்டப்படி நகரம் என்று அரசு சொல்லிவிட்டால் சென்சஸும் நகரம் என்றே எழுதிக்கொள்ளும். அங்கே நெல் விளைகிறதா, நூல் ஓடுகிறதா என்று பார்க்காது. அந்தப் பரீட்சையெல்லாம் சட்டம் நகரம் என்று அறிவிக்காத ஊர்களுக்குத்தான்: ஐயாயிரம் பேர், சதுர கிலோமீட்டருக்கு நானூறு அடர்த்தி, ஆண் தொழிலாளரில் முக்கால்வாசிப் பேர் விவசாயம் அல்லாத வேலை. தேறினால் 'சென்சஸ் நகரம்'.

(பெண்கள் என்ன வேலை செய்கிறார்கள் என்பதை வைத்து ஓர் ஊர் நகரமாவதில்லை என்பதையும் பெண்ணியத் தோழர்கள் கவனிக்க வேண்டும்.)

பிறகு ஒரு வேடிக்கை நடந்தது. 2004இல் தமிழக அரசு ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட பேரூராட்சிகளைச் 'சிறப்பு ஊராட்சிகள்' ஆக்கியது. கிராம வளர்ச்சிக்கு வரும் நிதி நகரம் என்ற பெயர் இருந்தால் கிடைக்காது என்பதுதான் காரணம். 2006இல் ஆட்சி மாறியது; அவை திரும்பவும் பேரூராட்சிகளாயின. இரண்டு வருஷம் அந்த மக்கள் எல்லாரும் கிராமத்தார். அதற்கு முன்னும் பின்னும் நகரத்தார். இது 2001க்கும் 2011க்கும் நடுவில் நடந்து முடிந்துவிட்டதால் சென்சஸ் வரிசையில் இதற்குத் தடமே இல்லை. 2005இல் ஒரு கணக்கெடுப்பு நடந்திருந்தால் தமிழ்நாட்டின் நகரமயமாதல் பின்னோக்கிப் போனதற்குக் கோட்பாட்டு விளக்கங்கள் எழுதப்பட்டிருக்கும்.

மக்கள் இதை நம்மைவிடச் சரியாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள். 2025 தொடக்கத்தில் ஊராட்சிகளைப் பக்கத்து நகராட்சி, மாநகராட்சிகளோடு இணைக்கும் அறிவிப்புகள் வந்தபோது பல மாவட்டங்களில் ஊர்க்காரர்கள் கலெக்டர் ஆபீசுக்கு மனுவோடு போனார்கள், மறியல் செய்தார்கள். 2005 சட்டத்தின்படி அன்று நடப்பிலிருந்த நூறு நாள் வேலை ஊராட்சிகளுக்கு மட்டுமே. கோடு தாண்டினால் அது போய்விடும். வீட்டு வரி ஏறும். கிராமசபையில் எழுந்து கேள்வி கேட்கும் வாய்ப்பு இருக்காது. 'நகரமயமாதல்' என்று நாம் ஒரு போக்காக, யாரும் செய்யாமல் தானாக நிகழ்வதாக எழுதுவதை அவர்கள் ஓர் அரசாணையாக, தேதியும் எண்ணும் உள்ள காகிதமாகப் பார்க்கிறார்கள். அவர்களுடைய வாசிப்பே கூர்மையானது என்பேன்.

6

சரி, கோட்டை அப்படியே வைத்துக்கொண்டால் உண்மை கிடைத்துவிடுமா? அதுவும் இல்லை.

திருப்பூரைப் பாருங்கள். 2001இல் 27 சதுர கிலோமீட்டர் நகராட்சி, 3,44,543 பேர். 2011இல் அதே எல்லைக்குள் 4,44,352 பேர். 29 சதவீத வளர்ச்சி. அந்த வருஷமே வேலம்பாளையம், நல்லூர் நகராட்சிகளும் சுற்றியிருந்த ஊராட்சிகளும் சேர்க்கப்பட்டு மாநகராட்சி 159 சதுர கிலோமீட்டரானது. அந்த எல்லைக்கு 2011 மக்கள்தொகை சுமார் 8 லட்சத்து 78 ஆயிரம். 2001இன் சிறிய திருப்பூரை 2011இன் பெரிய திருப்பூரோடு ஒப்பிட்டு 'ஒன்றரை மடங்குக்கு மேல் வளர்ச்சி' என்பது அபத்தம். ஆனால் 4,44,352 பேர்தான் திருப்பூர் என்பதும் அதே அளவு அபத்தம். பனியன் கம்பெனிகளில் ஷிப்டு பார்த்தவர்களில் பெரும்பங்கு அந்தப் பழைய கோட்டுக்கு வெளியே, தண்ணீரும் சாக்கடையும் இல்லாத லைன் வீடுகளில் இருந்தார்கள். அவர்களுடைய உழைப்பில் வந்த அந்நியச் செலாவணி திருப்பூருடையது. அவர்களுடைய குடிநீர்ப் பிரச்சினை மட்டும் ஏதோ ஓர் ஊராட்சியுடையது. கோடு நகராமல் நிற்பதும் ஓர் அரசியல்தான்.

ஆக, களங்கமில்லாத கோடு என்று ஒன்று கிடையாது. பழைய கோடு வெளியே தள்ளியவர்களை மறைக்கும். புதிய கோடு தள்ளியதையே மறைக்கும். செய்யக்கூடியது, எந்தக் கோட்டை எடுத்துக்கொள்கிறோமோ அதை இரண்டு வருஷத்துக்கும் ஒன்றாக வைத்துக்கொண்டு, அந்தக் கோடு யாரை விட்டுவிடுகிறது என்று கூடவே சொல்வது.

வார்டுக்கும் இது பொருந்தும். 2011 விரிவாக்கத்துக்கு முன் சென்னையில் 155 வார்டுகள். விரிந்தபின் 200. ஆனால் பழைய நகரத்தின் 155, 107 ஆகச் சுருக்கப்பட்டது. சேர்ந்த பகுதிகளுக்கு 93. 2011 எண்ணை வைத்துப் பார்த்தால் பழைய பகுதியில் ஒரு கவுன்சிலருக்குச் சராசரியாக 43 ஆயிரம் பேர், புதிய பகுதியில் 22 ஆயிரம். ஒரே தேர்தல், ஒரே மாநகராட்சி. ஒரு பக்கத்து ஓட்டின் எடை இன்னொரு பக்கத்தில் பாதி. பழைய 155 வார்டுக் கணக்கை வைத்திருப்பவர் அதைப் புதிய 200 வார்டுகளோடு ஒப்பிடவும் முடியாது. அதே எண்ணுள்ள வார்டு வேறு தெருக்களைக் குறிக்கும். ஒரு பேட்டையில் பத்தாண்டில் எத்தனை தலித் குடும்பங்கள் காணாமல் போயின என்று தேடினால் முதலில் காணாமல் போயிருப்பது அந்த வார்டுதான்.

7

2021இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு நடக்கவில்லை. 2025 ஜூனில் வந்த அறிவிக்கை 2027 மார்ச் 1ஐக் கணக்குத் தேதியாக வைத்தது. இடைவெளி பதினாறு வருஷம். கணக்கெடுப்புக்கு முன் நிர்வாக எல்லைகளை உறையவைப்பது வழக்கம். இந்த முறை அதற்கான தேதி 2025 டிசம்பர் 31. அதற்குள் தமிழ்நாட்டில் எவ்வளவு கோடுகள் நகர்ந்துவிட்டன! 2011இல் 32ஆக இருந்த மாவட்டங்கள் 38 ஆகிவிட்டன. ஆவடி, ஓசூர், நாகர்கோவில், தாம்பரம், கும்பகோணம், சிவகாசி, காரைக்குடி எல்லாம் மாநகராட்சிகள். 2018இல் சென்னை மாவட்டமே மாநகராட்சி எல்லைக்கு விரிந்தது. 2019இல் காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டு பிரிந்தது.

எச்சரிக்கையில்லாமல் 2011ஐயும் 2027ஐயும் பக்கத்தில் வைத்தால் என்ன வரும் என்று இப்போதே சொல்லிவிடலாம். சென்னை மாவட்டம் பழைய 46 லட்சத்திலிருந்து தாவிக் குதித்திருக்கும். காஞ்சிபுரம் மாவட்டம் 2011இன் 40 லட்சத்திலிருந்து சரிந்து விழுந்திருக்கும். இன்றைய காஞ்சிபுரத்தின் எல்லைக்குள் 2011இல் இருந்ததே 12 லட்சத்துக்கும் குறைவு. கொள்ளைநோய் வந்து மூன்றில் இரண்டு பங்கு மக்களைக் கொண்டுபோனது போல இருக்கும். சென்சஸ் அலுவலகம் திருத்திய எண்களைத் தரும். அதைத் தேடி எடுப்பார்களா, தலைப்புச் செய்தியை எடுப்பார்களா என்பதுதான் பிரச்சினை.

அதோடு, இந்தக் கணக்கெடுப்பில் சாதியும் எண்ணப்பட இருக்கிறது. ஆகவே மேல் வரிசைக்காகக் காத்திருப்பவர்களுக்கு இடது ஓரம் முன்னைவிட முக்கியம். ஒரு நகரத்தில் ஒரு சாதியின் விகிதம் என்பது அந்த நகரத்தின் கோடு எங்கே ஓடுகிறது என்பதைப் பொறுத்தது. உள்ளாட்சியில் பட்டியல் சாதியினருக்கான இடங்கள் அந்த எல்லைக்குள் அவர்களுடைய மக்கள்தொகை விகிதப்படி ஒதுக்கப்படுகின்றன. சேரிகள் அதிகமுள்ள ஓர் ஊராட்சியை உள்ளே இழுத்தால் ஒன்று. வெளியே நிறுத்தினால் வேறு. யாரும் பிறக்காமலும் சாகாமலும் விகிதம் மாறும், அதோடு பிரதிநிதித்துவமும் மாறும்.

ஆகவே துண்டுப்பிரசுரம் எழுதுகிறவர்களுக்கும் கட்டுரை எழுதுகிறவர்களுக்கும் சில சில்லறை வேலைகள். ஒரு வளர்ச்சி விகிதம் கையில் கிடைத்தால் இரண்டு வருஷத்துப் பரப்பளவையும் கேளுங்கள். பரப்பளவு வேறுபட்டால் அந்தச் சதவீதத்தைத் தூக்கி எறியுங்கள். புதிய எல்லைக்குள் வந்த ஒவ்வோர் ஊரின் பழைய எண்ணையும் மாவட்டக் கையேட்டிலிருந்து எடுத்துக் கூட்டுங்கள். அலுப்பான வேலைதான், ஒரு சாயங்காலத்தில் முடிந்துவிடும். முடியாவிட்டால் மூன்று மாவட்டங்களைக் கூட்டியது போல, வெளிக்கோடு மாறாத ஒரு பெரிய நிலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லையை மாற்றிய அரசாணையின் தேதியை எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள், அடிக்குறிப்பில் வேண்டாம். கடைசியாக, பழைய கோட்டுக்கும் புதிய கோட்டுக்கும் நடுவிலுள்ள நிலத்துக்கு யார் தாமாகப் போனார்கள், யார் கொண்டுபோகப்பட்டார்கள் என்று கேளுங்கள். இதற்குச் சென்சஸில் பதில் இல்லை. அந்த நிலத்தில் குடியிருப்பவர்களிடம் இருக்கிறது.